வளர்ப்புப் பாம்பின் நோயறிதல்: ஆடிக் காற்று முதல் மார்கழிக் குளிர் வரை

ஆடிக் காற்று ஒரே வாரத்தில் இரண்டு ஊர்களில் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. குற்றாலம், தென்காசிப் பக்கம் அது சாரலைக் கொண்டுவந்து சுவர்களை ஈரமாக்குகிறது. மழையையெல்லாம் மலையிலேயே இறக்கிவிட்டுப் பாளையங்கோட்டைக்கு வந்து சேரும்போது அது வறண்ட புழுதிக் காற்றாகிவிடுகிறது. வளர்ப்புப் பாம்பு வைத்திருக்கும் இருவர், ஒருவர் தென்காசியிலும் மற்றவர் பாளையங்கோட்டையிலும் இருந்தால், அந்த மாதத்தில் முன்னவரின் பாம்புக்கு அடிவயிற்றுச் செதில் அழுகவும், பின்னவரின் பாம்புக்குச் சட்டை முழுதாக உரியாமல் ஒட்டிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. காற்று ஒன்றுதான், பாம்பின் இனமும் ஒன்றுதான், பெட்டிக்குள் இருந்த ஈரம் மட்டுமே வேறு. பாம்பின் நோய்களைப் பற்றி முதன்முதலாகப் படிப்பவர் இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்: பாம்பு நோயுற்றதாகத் தோன்றும்போது பாம்பைப் பார்க்கும் அதே கவனத்தோடு அது வாழும் பெட்டியையும் பார்க்க வேண்டும்.

எந்தப் பாம்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். நம் வயல்களிலும் குளத்தங்கரைகளிலும் காணும் நல்ல பாம்பு, சாரை, தண்ணீர்ப் பாம்பு, மண்ணுளிப் பாம்பு, மலைப்பாம்பு ஆகியவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. அவற்றைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். அடிபட்ட சாரையை இரக்கத்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தியம் பார்ப்பதும் சரியன்று. வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லிவிடுவதே முறை. இங்கே சொல்லப்படுவது வெளிநாட்டு இனங்களைப் பற்றியது: மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தான், அமெரிக்காவைச் சேர்ந்த கார்ன் பாம்பு போன்றவை. (பால் பைத்தானுக்கும் பாலுக்கும் தொடர்பில்லை, அஞ்சினால் பந்தைப் போலச் சுருண்டுகொள்வதால் வந்த பெயர் அது.) பால் பைத்தான், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், 2022ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்கும் 2024ஆம் ஆண்டின் விதிகளுக்கும் உட்பட்டு, அதை வைத்திருப்பவர் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவுத் தாள் கையில் இருந்தால் மருத்துவரிடம் தயக்கமில்லாமல் போகலாம் என்பது ஒரு பக்கப் பயன்.

பாம்பு தன் உடலின் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. மனிதனுக்குக் காய்ச்சல் வந்தால் உடல் உள்ளிருந்தே சூடேறுகிறது. பாம்பு சூடேற வேண்டுமானால் சூடான இடத்துக்கு நகர்ந்தாக வேண்டும். இரை செரிப்பது, நோய்க்கிருமியை எதிர்ப்பது, மருந்து உடலில் பரவுவது ஆகிய அனைத்தும் அந்த வெப்பத்தைப் பொறுத்தவை. ஆகவேதான் பெட்டியின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும் என்கிறார்கள். பாம்பு தனக்குத் தேவையான இடத்தைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். பால் பைத்தானுக்குச் சூடான முனையில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸும் குளிர்ந்த முனையில் 25 முதல் 27 டிகிரியும், காற்றின் ஈரப்பதம் 55 முதல் 70 விழுக்காடும் பொருத்தமானவை. கார்ன் பாம்புக்கு இரண்டு முனைகளும் சில டிகிரி குறைவாக இருக்கலாம், ஈரமும் குறைவாக இருக்கலாம்.

குளிர் நாடுகளில் இருப்பவர்கள் எழுதும் கையேடுகள் பெட்டியை எப்படிச் சூடாக்குவது என்றே பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. நம் ஊரில் சித்திரை, வைகாசி மாதங்களில் சிக்கல் தலைகீழானது. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் பிற்பகல் வெப்பம் தானாகவே 36, 37 டிகிரியைத் தொடும். அப்போது பெட்டிக்குள் குளிர்ந்த முனை என்று ஒன்று இருக்கவே இருக்காது. பாம்பு ஓயாமல் அலைவதும், கண்ணாடியில் மூக்கைத் தேய்ப்பதும், தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே கிடப்பதும் முதல் அடையாளங்கள். வாயைத் திறந்து மூச்சு விடுவதும், உடல் துவண்டு நிலை தடுமாறுவதும் அடுத்த கட்டம். அது உயிருக்கு ஆபத்தான கட்டம். உடனே வீட்டின் குளிர்ந்த அறைக்கு, பெரும்பாலும் கீழ்த்தளத்துக்கு, மாற்றி, ஈரத்துணி விரித்த பெட்டியில் விட வேண்டும். ஐஸ் வைக்கக் கூடாது. திடீர்க் குளிர் இன்னொரு அதிர்ச்சியாகிவிடும். நான் செய்யும் ஏற்பாடு மிக எளியது: காருகுறிச்சி மண்சட்டி ஒன்றின் விளிம்பில் வாசல் போல உடைத்து, கூர் இல்லாமல் தேய்த்து, குளிர்ந்த முனையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வெளிப்புறத்தைக் காலையும் மாலையும் நனைத்துவிட்டால் உள்ளே வெப்பம் குறைந்தும் ஈரம் நின்றும் இருக்கிறது. எந்தக் காலத்திலும் தெர்மோஸ்டாட் (சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் கருவி) இல்லாத வெப்பத் தகட்டை வைக்க வேண்டாம். பாம்புகள் மிகையான சூட்டை உணர்ந்து உடனே விலகிவிடும் என்று நம்புவது தவறு. தீக்காயம் படும்வரை அங்கேயே கிடந்த பாம்புகள் மருத்துவரிடம் வருவது வழக்கமாக நடப்பதுதான்.

நாய் நோயுற்றால் முனகும், பூனை ஒதுங்கிப் படுக்கும். பாம்போ நலமாக இருக்கும்போதும் ஒதுங்கித்தான் படுக்கும். காட்டில் நலிவை வெளியே காட்டிய பாம்பு வேறொன்றுக்கு இரையாகிவிடும் என்பதால் மறைப்பது அதன் இயல்பு. கண்ணுக்கு நோய் தெரியும்போது அது பல வாரங்களாக உள்ளே வளர்ந்திருக்கக்கூடும். ஆகவே வளர்ப்பவரின் முதல் கருவி ஒரு குறிப்பேடு. இரை கொடுத்த நாள், இரையின் எடை, எச்சம் போட்ட நாள், சட்டை உரித்த நாள், மாதம் இரண்டு முறை சமையல் தராசில் எடுத்த உடல் எடை, அன்றைய வெப்பமும் ஈரமும்: இவ்வளவு எழுதினால் போதும். பால் பைத்தான் சில மாதங்கள் இரையைத் தொடாமல் இருப்பது, குறிப்பாகக் குளிர்காலத்தில், பெரும்பாலும் இயல்பானதே. அது நோயா இயல்பா என்பதைத் தராசு சொல்லும். 1,400 கிராம் இருந்த பாம்பு மூன்று மாதம் உண்ணாமல் 1,370 கிராமில் நிற்குமானால் பொறுத்திருக்கலாம். 1,260 கிராமுக்கு இறங்கினால், அதாவது பத்தில் ஒரு பங்கு குறைந்தால், மருத்துவரிடம் போக வேண்டும். குறிப்பேடு இல்லாதவர் “கொஞ்சம் மெலிந்த மாதிரி இருக்கிறது” என்று மட்டுமே சொல்ல முடியும், மருத்துவருக்கு அது எதற்கும் பயன்படாது.

சட்டை உரிப்பது பாம்பின் நலத்தை நமக்குக் காட்டும் சிறந்த சாளரம். உரிப்பதற்குச் சில நாட்கள் முன்பு தோல் மங்கி, கண்கள் பால்படிந்த நீலமாக மாறும். பிறகு கண் மறுபடி தெளியும். தெளிந்து ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் சட்டை கழன்றுவிடும். கண் மங்கியிருக்கும் நாட்களில் பாம்பு சரியாகப் பார்க்க முடியாமல் எரிச்சலோடு இருக்கும். அதை நோய் என்று எண்ணிக் கையில் எடுத்துத் தொந்தரவு செய்யக் கூடாது. நலமுள்ள பாம்பின் சட்டை, காலுறையைப் புரட்டிக் கழற்றுவது போல, மூக்கிலிருந்து வால் நுனிவரை ஒரே துண்டாக வரும். அதைத் தூக்கி எறியுமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் ஒளி ஊடுருவும் செதில் ஒன்றும் சட்டையோடு சேர்ந்தே உரிய வேண்டும். சட்டையின் தலைப்பகுதியில் இரண்டு சிறு கண்ணாடி வட்டங்கள் முழுதாக இருந்தால் நல்லது. ஓட்டையாக இருந்தால் அந்தச் செதில் கண்ணிலேயே தங்கிவிட்டது என்று பொருள். வால் நுனியையும் அப்படியே பார்க்க வேண்டும். அங்கே வளையமாக ஒட்டிக்கொண்ட பழைய தோல் காய்ந்து இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு நுனி கறுத்து உதிர்ந்துவிடும்.

என் பாம்பின் முதல் ஆடி மாதத்தில் சட்டை ஏழெட்டுத் துண்டுகளாக வந்தது. ஈரமானியில் 38 விழுக்காடு என்று இருந்ததைக் கண்டும் நான் பொருட்படுத்தாமல் இருந்துவிட்டேன். அந்தத் தவறு என்னுடையது. சரிசெய்யும் முறை இது: மூடி உள்ள, காற்றுத்துளை இட்ட பிளாஸ்டிக் பெட்டியில் 28 முதல் 30 டிகிரி வெதுவெதுப்பான நீரை, பாம்பின் உடல் பருமனில் பாதி உயரத்துக்கு மட்டும் ஊற்றி, இருபது முப்பது நிமிடம் விட வேண்டும், அருகிலேயே இருக்க வேண்டும். பிறகு ஈரத்துண்டை இரண்டு கைகளாலும் தளர்வாகப் பிடித்து, அதற்குள் பாம்பைத் தானாக ஊர்ந்து போகவிட்டால் பெரும்பாலான தோல் துணியிலேயே வந்துவிடும். வராததை உரிக்க வேண்டாம். மறுநாள் மீண்டும் செய்யலாம். கண்ணில் தங்கிய செதிலை இடுக்கியால் எடுக்க முயலவே கூடாது. அடியில் உள்ள புதிய செதில் கிழிந்தால் கண்ணே போய்விடும். ஈரத்தைச் சரியாக்கி அடுத்த உரிப்புவரை பொறுத்திருந்தால் இரண்டும் சேர்ந்து கழன்றுவிடுவதுண்டு. அப்போதும் கழலாவிட்டால் மருத்துவர் பார்க்கட்டும். முன்கூட்டியே தடுக்க, கழுவி உப்பு நீக்கிய தென்னைநார்த் தூளைச் சற்று ஈரமாக்கி மண்சட்டிக்குள் பரப்பினாலே போதும்.

சாரல் காலத் தென்காசி வீட்டில் இதற்கு எதிர்மாறாகச் செய்ய வேண்டியிருக்கும். பெட்டியின் தரை எப்போதும் சொதசொதவென்று இருந்தால் அடிவயிற்றுச் செதில்கள் சிவந்து, நீர்க்கொப்புளம் தோன்றி, பிறகு பழுப்பாகி அழுகும். காற்றில் ஈரம் வேண்டும், தரையில் ஈரம் தேங்கக் கூடாது என்பதே இங்கே கவனிக்க வேண்டிய வேறுபாடு. கொப்புளம் தொடங்கிய உடனே தரையில் வெறும் காகிதத்தை விரித்து, நனையும்போதெல்லாம் மாற்றி, மருத்துவரிடம் காட்ட வேண்டும். இது வேகமாக உள்ளே பரவக்கூடியது.

மூச்சு நோயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தாமதத்தால் பாம்புகள் இறப்பது இதில்தான் மிகுதி. பாம்புக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை. பலமாக இருமிச் சளியை வெளியேற்ற அதனால் முடியாது. கார்ன் பாம்பு உட்படப் பல இனங்களுக்கு வலது நுரையீரல் ஒன்றுதான் வேலை செய்கிறது. பைத்தான்களுக்கு இரண்டு உண்டு, ஆனாலும் சளி நீண்ட நுரையீரலின் அடியில் தேங்கிவிடும். அடையாளங்கள் இவை: மூச்சு விடும்போது குறுகுறு என்றோ விசில் போலவோ ஒலி, மூக்கிலோ உதட்டோரத்திலோ நுரைக்குமிழி, வாயை லேசாகத் திறந்தே வைத்திருப்பது, தலையை மேல்நோக்கித் தூக்கி வைத்து மூச்சு விடுவது. ஒரு விலக்கையும் சொல்லிவிட வேண்டும்: சட்டை உரியும் நாட்களில் மூக்குத் துளையில் பழைய தோல் தளர்ந்து நிற்பதால் லேசான விசில் ஒலி வரும், உரித்ததும் நின்றுவிடும். உரித்த பின்னும் ஒலி தொடர்ந்தாலோ, ஒலியோடு நுரையும் சேர்ந்தாலோ காத்திருக்கக் கூடாது.

பெட்டியின் வெப்பத்தை அந்த இனத்துக்குரிய எல்லையின் மேல்முனைக்கு உயர்த்துவது, கையில் எடுக்காமல் இருப்பது, இரை கொடுக்காமல் இருப்பது, இவை மட்டும்தான் வீட்டில் நாம் செய்யக்கூடியவை. மருந்துக் கடையில் வாங்கிய மனிதருக்கான ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவதால், அந்த நீரே நுரையீரலுக்குள் போய் நிலைமை மோசமாகும். மருத்துவர் சளியை எடுத்துச் சோதித்து எந்தக் கிருமி என்று பார்ப்பார்; பைத்தான்களில் வைரஸும் காரணமாக இருக்கலாம். பாம்பின் உடலில் மருந்து மெதுவாகவே கழிவதால் சில ஊசிகளை மூன்று நாட்களுக்கு ஒரு முறைதான் போடுவார்கள், சிகிச்சை வாரக்கணக்கில் நீளும். இரண்டாவது ஊசியில் ஒலி நின்றுவிட்டது என்று நிறுத்திவிடுபவர்கள் உண்டு. எஞ்சிய கிருமி மீண்டும் வளரும்போது அதே மருந்துக்கு அடங்காமல் போகக்கூடும்.

வாய்ப்புண் பெரும்பாலும் இதே வரிசையில் வருவது. ஈறு சிவந்து புள்ளிபோல் இரத்தம் கட்டும், உதடு சரியாகப் பொருந்தாது, பின்னர் வெண்மையான கட்டி தெரியும். அது சீழ்தான், ஊர்வனவற்றின் சீழ் நீராக ஓடாமல் பாலாடைக்கட்டி போல உறைந்து நிற்கும் என்பதால் பலர் அதை உணவுத் துணுக்கு என்று எண்ணிவிடுகிறார்கள். உயிருள்ள எலியைப் போட்டு அது கடித்த காயத்திலும் இதே போன்ற கட்டிச் சீழ் வரும். கொன்று உறையவைத்த எலியை இளக்கிக் கொடுப்பது பாம்புக்குப் பாதுகாப்பு.

கக்கும் சிக்கலை 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது நேரில் கண்டேன். டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் எங்கள் தெருவில் மின்சாரம் போயிற்று. அதற்கு முந்தைய நாள்தான் பாம்புக்கு இரை கொடுத்திருந்தேன். வெப்பத் தகடு அணைந்து, பெட்டி 23 டிகிரிக்கு இறங்க, செரிக்காத இரையை மூன்றாம் நாள் அது கக்கிவிட்டது. செரிமானம் வெப்பத்தால் நடப்பது என்று சொன்னதன் பொருள் அன்றுதான் எனக்கு உறைத்தது. குளிர், அளவுக்கு மீறிய இரை, உண்ட 48 மணி நேரத்துக்குள் கையில் எடுத்தல் ஆகிய மூன்றும் கக்குதலின் வழக்கமான காரணங்கள். கக்கிய பாம்புக்கு மறுநாளே இரை கொடுக்கத் தோன்றும், கொடுக்கக் கூடாது. வயிற்று அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்கியிருக்கும் என்பதால் ஏறத்தாழ இரண்டு வாரம் நீர் மட்டும் வைத்துவிட்டு, பிறகு வழக்கத்தில் பாதி அளவுள்ள இரையைத் தர வேண்டும். காரணம் ஏதும் தெரியாமல் இரண்டாம் முறையும் கக்கினால், அல்லது உடலின் நடுப்பகுதி தடித்துத் தோன்றினால், இரைப்பையிலோ குடலிலோ ஒட்டுண்ணி இருக்கலாம். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி பாம்பைப் பிடித்தால் உறுதியான சிகிச்சை இல்லை, மற்ற பாம்புகளுக்கும் பரவும். ஐப்பசி பிறந்ததும் நான் இப்போது வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டே இரை கொடுக்கிறேன்; மின்சாரம் போகும் இரவுக்கென்று, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டி வைக்க இரண்டு காலிப் புட்டிகளையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் கிடந்தால் அவை பாம்பு உண்ணிகள். கண் விளிம்பிலும் தாடையின் கீழ் மடிப்பிலும் அவை ஒளிந்து இரத்தம் குடிக்கும். அரிப்புத் தாங்காமல் பாம்பு நீரிலேயே கிடக்கும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து முதிர்ந்த உண்ணியாக இரண்டு மூன்று வாரம்கூட ஆகாது. என் பாம்புக்கு உண்ணி வந்தபோது எதிர்வீட்டு ஆச்சி அக்கறையோடு வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசச் சொன்னார். அவர் அன்பை மறுக்க மனமில்லை, ஆனால் எண்ணெய் செதிலில் படிந்து மூக்குத் துளையை அடைக்கும். உண்ணியின் முட்டையோ பாம்பின்மேல் இல்லாமல் பெட்டியின் இடுக்குகளில் இருக்கும். ஆகவே பாம்புக்கு மருத்துவர் தரும் மருந்தும், பெட்டியை முற்றிலும் காலிசெய்து வெந்நீரில் கழுவி, வெள்ளைக் காகிதம் விரித்து, வாரந்தோறும் அதையே திரும்பச் செய்வதும் ஒன்றாக நடக்க வேண்டும். புதிதாக வரும் பாம்பை 60 முதல் 90 நாள் வேறு அறையில் வைத்து, எல்லா வேலையும் முடிந்த பின் கடைசியாக அதைக் கவனித்தால் இந்தத் தொல்லையே வராது. கரப்பான் மருந்து, எறும்புச் சாக்பீஸ், அந்துருண்டை, பினாயில் ஆகியவற்றைப் பாம்பு இருக்கும் அறையில் பயன்படுத்தவே வேண்டாம்.

இவற்றின் நஞ்சு ஏறிய பாம்பு நடுங்கும். மல்லாத்தி விட்டால் தானே புரண்டு நிமிராது. வானத்தைப் பார்ப்பது போலத் தலையை மேலே வளைத்துக்கொண்டு கிடப்பது மூளையைத் தாக்கும் வைரஸ் நோயின் அடையாளமாகவும் இருக்கலாம். “ஸ்பைடர்” என்ற பெயரில் விற்கப்படும் பால் பைத்தான் வகையில் மட்டும் தலை ஆட்டம் பிறவியிலேயே உண்டு. அந்த நிறத்தைத் தரும் மரபணுவோடு பிணைந்த குறை அது, மருந்தில்லை. என் கருத்தில் அந்த வகையை வாங்காமல் இருப்பதே அந்த உயிருக்குச் செய்யும் நன்மை. ஆசனப் புழையிலிருந்து சிவந்த தசை வெளியே தள்ளியிருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல், தசை காயாதபடி சர்க்கரை கரைத்த நீரில் நனைத்த சுத்தமான துணியால் மூடிக்கொண்டு புறப்பட வேண்டும்.

நலமாகத் தோன்றும் பாம்பின் எச்சத்திலும், மனிதருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது, தொட்ட பின் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது.

மருத்துவரைத் தேடுவது நோய் வந்த பிறகு செய்யும் வேலையன்று. திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கோ, நகரின் தனியார் மருத்துவரிடமோ, ஊர்வனவற்றைப் பார்ப்பார்களா, எந்த நாளில் வரலாம் என்று பாம்பு நலமாக இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போகும் நாளில் தலையணை உறைக்குள் பாம்பை விட்டு, உறையின் வாயைக் கட்டி, அதைக் காற்றுத்துளையுள்ள பெட்டியில் வைத்து, வெயில் ஏறுமுன் காலையிலேயே கிளம்ப வேண்டும். நிறுத்திய காரிலோ, இருசக்கர வண்டியின் முன்பக்க வெயிலிலோ வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. குறிப்பேடு, கடைசிச் சட்டை, முடிந்தால் அன்று போட்ட எச்சம் ஒரு சிறு டப்பாவில், மூச்சு ஒலியைப் பதிவு செய்த செல்பேசிக் காணொளி, இந்த நான்கும் கூடவே போகட்டும். மருத்துவர் முன்னால் அமைதியாகக் கிடக்கும் பாம்பு, வீட்டில் நள்ளிரவில் எப்படி மூச்சு விட்டது என்பதை அந்தக் காணொளிதான் அவருக்குக் காட்டும்.

திரும்பி வந்த பிறகு ஊசி போடும் தேதிகளையெல்லாம் குறிப்பேட்டில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். சிகிச்சை முடிந்து, எடை இறங்காமல் நின்று, மருத்துவரும் சரி என்ற பிறகு, சிறிய இரை ஒன்றை மாலையில் வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, மறுநாள் காலை வரை எட்டிப் பார்க்காமல் இருங்கள். காலையில் இரை போயிருந்தால் அந்தத் தேதியை எழுதிவிட்டு, அடுத்த எச்சம் வரும்வரை பாம்பைக் கையில் எடுக்காதீர்கள்.